டெத் நோட்: வில்லன்னு தெரிஞ்சும் 'மாட்டிக்கக் கூடாது'ன்னு நம்மை வேண்ட வைக்கும் லைட் யாகமி!

ஒரு கறுப்பு நோட்டு. ஒருத்தர் முகத்தை மனசுல நினைச்சு, அதுல அவர் பேரை எழுதினா போதும். 40 நொடியில் ஹார்ட் அட்டாக்கில் ஆள் காலி. அந்த நோட்டு உங்க கையில கிடைச்சா என்ன பண்ணுவீங்க?

'ஐயோ, தூக்கிப் போட்டுடுவேன்'னு சட்டுனு சொல்லிடலாம். ஆனா, ஒரு கொடூரமான குற்றவாளி ஹாயா வெளியில நடமாடுற செய்தியைப் பார்த்த அன்னிக்கும் இதே பதிலைத்தான் சொல்வீங்களா? ஒரு நொடி யோசிக்கிறீங்கல்ல... அந்த ஒரு நொடிதான் 'டெத் நோட்' கதையின் மூலதனம்.

முதல்ல அடிப்படை

சுகுமி ஒபா எழுத, தகேஷி ஒபாடா வரைய, 2003 முதல் 2006 வரை ஜப்பானின் 'வீக்லி ஷோனென் ஜம்ப்' இதழில் வந்த மாங்கா இது. மொத்தம் 108 அத்தியாயங்கள், 12 தொகுதிகள். 2006 அக்டோபரில் மேட்ஹவுஸ் ஸ்டூடியோ இதை அனிமே ஆக்கியது. இயக்கம், டெட்சுரோ அராகி. 'அட்டாக் ஆன் டைட்டன்' தொடரை ஆரம்பத்தில் இயக்கிய அதே அராகிதான். மொத்தம் 37 எபிசோடுகள். அதோடு கதை முடிஞ்சிடும். நூத்துக்கணக்கான எபிசோடுகளைப் பார்த்து மிரள்றவங்களுக்கு நல்ல ஆரம்பம்.

நல்ல பையன் எந்த இடத்துல மாறுறான்?

லைட் யாகமி, ஸ்கூல் டாப்பர். போலீஸ் அதிகாரியின் மகன். போரடிக்குதேன்னு ரியூக் என்கிற மரண தேவதை பூமியில் போட்ட நோட்டு இவன் கையில சிக்குது. முதல்ல எழுதுற பேர், குழந்தைகளைப் பணயக் கைதிகளாப் பிடிச்சு வெச்சிருக்கிற ஒருத்தனுடையது. 'சரிதானே'ன்னு நமக்கும் தோணும். அங்கேயே நாமும் கூட்டாளி ஆயிடுறோம்.

குற்றவாளிகள் இல்லாத புது உலகம், அதுக்குத் தானே கடவுள். இதுதான் லைட்டின் கனவு. மக்கள் அவனுக்கு 'கிரா'ன்னு பேர் வைக்கிறாங்க. ஆனா, ரெண்டாவது எபிசோடுலேயே அந்தக் கொள்கை சாயம் வெளுத்துடும். டி.வி-யில் ஒருத்தர் வந்து 'கிரா செய்றது தீமை'ன்னு சொல்றார். அவ்வளவுதான், லைட் ஆத்திரத்துல அவர் பேரை எழுதிடுறான். அவர் யாரையாவது கொன்னாரா? லைட்டுக்குத் தெரிஞ்சவரை இல்லை. அவனைத் திட்டினார், அதுதான் குற்றம்.

அது துப்பறிவாளர் 'எல்' வெச்ச பொறி. உலகம் முழுக்க நேரலைன்னு சொல்லிட்டு, கான்டோ பகுதியில மட்டும்தான் அதை ஒளிபரப்பினார். செத்தவர், மரண தண்டனைக் கைதி. கிரா இருக்கிறது கான்டோவுலதான்னு ஒரே நாள்ல எல் கண்டுபிடிச்சுடுவார். லைட்டைக் காட்டிக்கொடுத்தது முட்டாள்தனம் இல்லை, ஈகோ.

அடுத்து, அவனைப் பின்தொடர வந்த எஃப்.பி.ஐ ஆட்கள். அப்புறம், அவங்கள்ல ஒருத்தரோட வருங்கால மனைவி. பட்டியல் நீள நீள, 'குற்றவாளி' என்ற வார்த்தைக்கு லைட் அகராதியில் 'என் வழியில் நிற்கிறவர்'னு அர்த்தம் மாறிடுது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவன் தப்பிக்கிறப்போ நாம பெருமூச்சு விடுறோம் பாருங்க... அதைத்தான் கவனிக்கணும்!

பேனாவை வாளாக்கிய ஸ்டைல்

யோசிச்சுப் பார்த்தா, இந்தக் கதையில சண்டையே கிடையாது. ரெண்டு பேர் உட்கார்ந்து யோசிக்கிறாங்க, ஒருத்தன் எழுதுறான். மாங்காவுல பக்கம் பக்கமா வசனம். அதை அராகி எப்படி த்ரில்லர் ஆக்கினார்?

ஒண்ணு, கேமரா. லைட் பேர் எழுதும்போது பேனா வாள் மாதிரி வீசப்படும். பின்னணியில கோரஸ் அலறும். புகழ்பெற்ற சிப்ஸ் காட்சியையே எடுத்துக்கோங்க. ரூம் முழுக்க ரகசிய கேமரா. லைட் ஹோம்வொர்க் போடுறான், சிப்ஸ் பாக்கெட்டுக்குள்ள ஒளிச்சு வெச்ச குட்டி டி.வி-யைப் பார்த்துப் பேரும் எழுதுறான். நடக்கிறது அவ்வளவுதான். ஆனா, ஏதோ போர்க்களம் மாதிரி இருக்கும். மீம் ஆனதுல ஆச்சர்யமே இல்லை.

ரெண்டு, நிறம். மனசுக்குள்ள திட்டம் போடும்போது லைட்டின் தலைமுடி சிவப்பாகும், எல்லுக்கு நீலம். யார் யோசனை ஓடுதுன்னு வசனமே இல்லாம புரிஞ்சிடும்.

மூணு, மதச் சாயல். முதல் ஓப்பனிங்கில் ரியூக் ஆப்பிளை நீட்ட லைட் கையை நீட்டுற காட்சி, மைக்கேலாஞ்சலோவின் 'ஆதாமின் படைப்பு' ஓவியத்தை அப்படியே நினைவுபடுத்தும். லைட்டின் கடவுள் ஆசையை ஓப்பனிங்கிலேயே சொல்லிடுறாங்க.

இந்த ஆர்ப்பாட்டமெல்லாம் பில்டப்புக்காக மட்டும் இல்லை. லைட் தன்னை எவ்வளவு பிரமாண்டமா நினைச்சுக்கிறானோ, அவ்வளவு பிரமாண்டமா திரை அவனைக் காட்டுது. நாம பார்க்கிறது அவன் தலைக்குள்ள ஓடுற படத்தை. அதனாலதான் அவன் பக்கம் சாயுறோம்.

ஸ்பாய்லர் அலெர்ட்: பார்க்காதவங்க அடுத்த மூணு பாராவைத் தாண்டிடுங்க!

நடுவுல லைட்டுக்கு நோட்டு பற்றிய நினைவே அழிஞ்சிடும். அப்போ அவன் நேர்மையான, அன்பான பையன். கிராவைப் பிடிக்க எல்லுக்கே மனசார உதவுறான். நினைவு திரும்பினதும் பழைய சிரிப்பு வந்துடும். ஒரே ஆள்தான், நடுவுல வந்தது அதிகாரம் மட்டும்தான்.

25-வது எபிசோடில் மழையில நனைஞ்சு வந்த எல், படிக்கட்டில் உட்கார்ந்து லைட்டின் காலைத் துடைச்சுவிடுவார். மாங்காவில் இல்லாத காட்சி. தன்னைக் கொல்லப்போறவன் காலைத் தொடுற அந்த அமைதி, மத்த எல்லா அலறலையும்விட பலமா கேட்கும்.

முடிவையும் மாத்தியிருக்காங்க. மாங்காவில் லைட், ரியூக்கிடம் உயிர்ப்பிச்சை கேட்டுக் கதறி சாவான். அனிமேவில் அந்திவெயிலில் தனியா ஓடி, வழியில தன் ஸ்கூல் பையன் உருவத்தைக் கடந்து, படிக்கட்டில் சாய்ஞ்சு அமைதியா போவான். அனிமே முடிவு அழகு. ஆனா, மாங்கா முடிவுதான் நேர்மை. அத்தனை பேருடைய கடைசி நொடியைக் கையில வெச்சிருந்தவன், தன்னுடையதைப் பார்த்து நடுங்குறதுல ஒரு நியாயம் இருக்கு.

எப்படிப் பார்க்கலாம்?

ஜப்பானிய ஆடியோ, சப்டைட்டிலோடு பாருங்க. லைட்டுக்குக் குரல் கொடுத்த மமோரு மியானோவின் சிரிப்பு ஒண்ணுக்காகவே பார்க்கலாம். 26-வது எபிசோடுக்கு அப்புறம் வேகம் கொஞ்சம் குறையும், விட்டுடாதீங்க. 2017-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த அமெரிக்கப் படத்தைப் பார்த்துட்டு இதை எடை போடவும் வேணாம்.

பார்க்கும்போது ஒரு சின்ன வேலை பண்ணுங்க. 'இதுக்கு மேல இவனுக்கு சப்போர்ட் பண்ண முடியாது'ன்னு எந்த எபிசோடில் தோணுச்சுன்னு குறிச்சு வைங்க. உங்க ஃப்ரெண்டையும் குறிக்கச் சொல்லுங்க. ரெண்டு நம்பரும் ஒண்ணா இருக்க வாய்ப்பு கம்மி. அப்புறம் நடக்கும் பாருங்க ஒரு வாக்குவாதம்... அது அந்த சிப்ஸ் காட்சியைவிட சுவாரஸ்யமா இருக்கும்!