பந்தலூரில் புதைந்த லண்டன் பணம்

இங்கே புனேயில் நம்மாட்கள் சிலர் அடிக்கடி கேட்கிறார்கள்: "சார், தங்கம் தேடுற சின்னக் கம்பெனி ஷேர் வாங்கலாமா? டிரில்லிங் ரிசல்ட் பிரமாதமாமே?" வாங்கு, வாங்காதே என்று சொல்ல நான் ஜோசியன் இல்லை, பி.காம். படித்த பேங்க்காரன். ஒரு பழைய கணக்கை மட்டும் புரட்டிக் காட்டுகிறேன்.

நீலகிரியில் கூடலூர், தேவாலா, பந்தலூர் பக்கம் 1870களில் காபித் தோட்டங்கள் நோயில் விழுந்தன. அந்தப் பாறைகளில் கொஞ்சம் தங்கம் உண்டு என்பது மலைமக்களுக்கு முன்பே தெரியும். ஆஸ்திரேலியாவிலிருந்து ராபர்ட் பிரஃப் ஸ்மித் என்ற நிபுணரை அரசு வரவழைத்தது. அவர் சாதகமாகச் சொன்னார். அவ்வளவுதான்! 1879-81க்குள் லண்டனில் 30க்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. அறிவித்த மூலதனம் 40 லட்சம் பவுண்டுக்கு மேல்.

பணம் எங்கே போனது? பெரும்பங்கு நிலம் விற்றவர்களுக்கும் கம்பெனி ஆரம்பித்தவர்களுக்கும். ஆழத்தில் தங்கம் இருக்கிறதா என்று சோதிக்கும் முன்பே இயந்திரங்கள் வந்து இறங்கின. மேலே பொறுக்கிய கல்லில் மின்னிய தங்கம், டன் கணக்கில் அரைத்தபோது செலவுக்கே கட்டவில்லை. சில வருடங்களில் எல்லாம் முடிந்தது. கடன் கேட்பவரே வீட்டுக்கு மதிப்புப் போட்டுக் கொடுத்தால் நாங்கள் ஏற்போமா? அங்கே நடந்தது அதுதான்.

இதற்கு நேர் எதிர்க் கதை கோலார். 1880ல் தொடங்கிய மைசூர் சுரங்கக் கம்பெனி, 1883ல் மூடும் நிலைக்கு வந்தது. கையிருப்பு சுமார் 13,000 பவுண்டு. ஜான் டெய்லர் வற்புறுத்தி அதையும் செலவிட வைத்தார். கேப்டன் பிளம்மர் பழங்காலக் குழிகளை ஒட்டி ஆழமாகத் தோண்ட, சாம்பியன் ரீஃப் கிடைத்தது! 2001 பிப்ரவரியில் மூடும்வரை கோலார் தந்தது சுமார் 800 டன். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம்மவர்களின் உழைப்பு அது.

ஆக, ஒரு துளை அந்த இடத்தைப் பற்றி மட்டுமே பேசும். "10 மீட்டருக்கு டன்னுக்கு 5 கிராம்" என்று அறிவிப்பு வந்தால் உள்ளே பாருங்கள். ஒரே ஒரு மீட்டரில் 45 கிராம், மற்ற ஒன்பதில் அரை கிராம் இருந்தாலும் சராசரி கிட்டத்தட்ட 5 தான் வரும். பக்கத்துத் துளைகள் என்ன சொல்கின்றன? தங்கமே இல்லாத துளைகளையும் வெளியிட்டார்களா? பாறையைச் சோதித்த லேப் யாருடையது? அடுத்த துளைக்குப் பணம் இருக்கிறதா, அல்லது புது ஷேர் வெளியிட்டு நம் பங்கைக் கரைப்பார்களா?

கனடாவின் பிரே-எக்ஸ் நினைவிருக்கிறதா? இந்தோனேஷியாவின் புசாங்கில் எடுத்த மாதிரிகளில் வெளியே இருந்து தங்கத்தூளைக் கலந்திருந்தார்கள். 1997ல் வேறொரு நிறுவனம் பக்கத்திலேயே துளை போட்டுப் பார்த்த பிறகுதான் குட்டு உடைந்தது. அதற்குள் பல பேருடைய ஓய்வுக்கால சேமிப்பு காலி.

ஊரில் வீடு கட்டவும் பிள்ளைகள் படிப்புக்கும் சேர்க்கிற பணம் நம்முடையது. போனால் தூக்கம் கெடாத தொகையை மட்டும் இதில் போடுங்கள். மீதி எஃப்.டி.யில் பத்திரமாக இருக்கட்டும். :-)