ஷெல்டன் கடிகாரம்
ஆளுயர மரப்பெட்டிக்குள் ஊசல் ஆடும் பழைய ஆங்கிலக் கடிகாரங்களை மதிப்பிட வல்லார் மரத்தின் மெருகில் மயங்கார். ஒருவர் செய்த முகப்பை மற்றொருவரின் இயந்திரத்தோடு கூட்டி, பிற்காலப் பெட்டியில் அடைத்து விற்பது அவ்வணிகத்தின் நெடுநாள் வழக்கம். ஆகவே முகப்பிலுள்ள பெயரை நம்பாமல், இயந்திரத் தகட்டில் பயனற்ற பழந்துளைகள் உளவா என்றே முதலில் தேடுவர்.

தமிழகத்தில் இவ்வகையில் தலையாயது கொடைக்கானல் வானாய்வு நிலையத்திலுள்ள கடிகாரம். லண்டனின் ஜான் ஷெல்டன் செய்தது. 1769-இல் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்ததைக் காண, கேப்டன் குக் குழுவினர் தாஹித்திக்குக் கொண்டுசென்ற கடிகாரமும் அவர் கைவண்ணமே.

வெப்பத்தில் ஊசல் நீண்டால் நேரம் பிந்தும். அதனால் வானியல் கடிகாரங்களின் ஊசலை எஃகும் பித்தளையுமான கம்பிகளால் அமைத்தனர்; ஒன்றின் நீட்சியை மற்றொன்று ஈடுசெய்யும். சென்னை வெயிலுக்கு இது எத்துணை இன்றியமையாதது!

கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய பின்னரே இது மலையேறியது. ஏலக்காரர் கண்ணுக்கு இதில் கவர்ச்சியான வேலைப்பாடு குறைவு. என் கணிப்பிலோ, இதன் விலை இது நின்ற இடத்திலேயே உள்ளது: 1906-இல் இந்தியப் பொதுநேரம் வரும்வரை நாட்டின் ரயில்கள் பெரும்பாலும் ஓடியது அந்த நிலையம் கணித்த சென்னை நேரத்தில்தான்.