மேஜர், மைனர், கிரெடிட்: கல்லூரியில் பாடம் தேர்வு செய்யும் முன் யாரிடம், என்ன கேட்க வேண்டும்?

"அண்ணா, ஜி.இ.க்கு எக்கனாமிக்ஸ் எடுக்கவா, சைக்காலஜி எடுக்கவா? நாளைக்கு லாஸ்ட் டேட்."

வீட்டில் முதலில் வேலைக்குப் போனவர் நீங்கள் என்றால், கல்லூரி திறக்கும் சமயத்தில் இப்படி ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும். அனுப்பியது தம்பியாக இருக்கலாம், சித்தி பெண்ணாக இருக்கலாம். "உனக்கு எது பிடிக்குதோ அதை எடு" என்று தட்டிவிட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போய்விடுவோம். நாம் படித்தபோது அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. டைம்டேபிளைக் கல்லூரியே போட்டுக் கொடுத்தது. இரண்டு எலெக்டிவில் ஒன்று, அதுவும் எந்த ஆசிரியர் ஃப்ரீயோ அவருடைய பேப்பர். அவ்வளவுதான் தேர்வு.

இப்போது நிலைமை வேறு. முதல் செமஸ்டரில் டிக் அடிக்கும் ஒரு பாடம், நான்காவது வருடத்தில் எந்தப் பட்டம் கையில் வரும் என்பதைத் தீர்மானிக்கலாம். அதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் ஃபேகல்டி அட்வைசர். பல கல்லூரிகளில் அவர் ஒரு கையெழுத்தாக மட்டுமே இருக்கிறார்.

என்ன மாறியது?

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 டிசம்பரில் இளநிலைப் படிப்புகளுக்கான புதிய பாடத்திட்ட, கிரெடிட் வரையறையை வெளியிட்டது. அதன்படி மூன்று ஆண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட், நான்கு ஆண்டு ஹானர்ஸ் பட்டத்துக்கு 160. ஒரு கிரெடிட் என்றால் ஒரு செமஸ்டரில் 15 மணி நேர வகுப்பு, அல்லது 30 மணி நேர செய்முறை.

120 வந்துவிட்டால் போதும் என்று நினைத்தால் தவறு. கிரெடிட்டுகள் கூடை கூடையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மூன்று ஆண்டுப் படிப்பில் மேஜருக்கு 60, மைனருக்கு 24, பல்துறைப் பாடங்களுக்கு 9, மொழித்திறன் பாடங்களுக்கு 8, திறன் பாடங்களுக்கு 9 என்று தனித்தனிக் கணக்கு. ஒரு கூடையில் மிச்சம் இருப்பதை இன்னொரு கூடையில் கொட்ட முடியாது.

டெல்லி பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே 2022-23 முதல் நான்கு ஆண்டுப் படிப்பு நடக்கிறது. செமஸ்டருக்கு 22 கிரெடிட், எட்டு செமஸ்டருக்கு 176. மேஜருக்கு வெளியே வேறு துறையில் எடுக்கும் பாடத்துக்கு ஜெனரிக் எலெக்டிவ், சுருக்கமாக ஜி.இ., என்று பெயர். ஒவ்வொன்றும் 4 கிரெடிட். நான்கு ஆண்டு முடிவில் மைனர் என்று பட்டத்தில் வர வேண்டுமானால், ஒரே துறையில் 7 ஜி.இ. முடித்து 28 கிரெடிட் சேர்த்திருக்க வேண்டும். முதல் செமஸ்டரில் எக்கனாமிக்ஸ், அடுத்ததில் சைக்காலஜி, அதற்கடுத்ததில் நண்பர்கள் இருக்கும் வகுப்பு என்று தாவினால், கடைசியில் ஜி.இ. நிறைய இருக்கும், மைனர் இருக்காது.

தம்பியின் கேள்விக்கு இங்கேதான் பதில் தொடங்குகிறது. எக்கனாமிக்ஸா சைக்காலஜியா என்று கேட்பதற்கு முன், மைனர் வேண்டுமா, அந்தத் துறையின் அடுத்தடுத்த ஜி.இ. பாடங்களை அந்தக் கல்லூரியே நடத்துகிறதா என்று கேட்க வேண்டும். பல்கலைக்கழகப் பட்டியலில் பாடம் இருக்கலாம். அந்தக் கல்லூரியில் அதை எடுக்க ஆசிரியர் இல்லாமல் போகலாம்.

முதல் வருடத்திலேயே முடிவாகும் விஷயங்கள்

பதினேழு, பதினெட்டு வயதில் ஹாஸ்டல் சாப்பாட்டுக்கே இன்னும் பழகாத நேரத்தில், மிகப் பெரிய முடிவுகளை எடுக்க வேண்டியிருப்பதுதான் இந்த அமைப்பில் எனக்கு உறுத்தும் விஷயம்.

யுஜிசி வரையறைப்படி, மேஜரை மாற்றிக்கொள்ள விரும்பும் மாணவர் இரண்டாவது செமஸ்டர் முடிவில் கேட்கலாம். அந்தக் கதவு திறந்திருப்பதே பலருக்குத் தெரியாது. தெரியவரும்போது மூன்றாவது செமஸ்டர் இன்டர்னல் தேர்வு முடிந்திருக்கும்.

இன்னொன்று, ஆராய்ச்சியுடன் கூடிய ஹானர்ஸ். நான்காம் ஆண்டில் 12 கிரெடிட் ஆராய்ச்சித் திட்டம் செய்ய, முதல் ஆறு செமஸ்டர்களில் 75% மதிப்பெண் வேண்டும். யுஜிசி-யின் 2022 பிஎச்.டி. விதிமுறைகளும் நான்கு ஆண்டுப் பட்டத்துடன் நேரடியாக பிஎச்.டி.யில் சேர 75% கேட்கின்றன. பட்டியல் சாதி, பழங்குடி, ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்குத் தளர்வு உண்டு. "ஃபர்ஸ்ட் இயர் மார்க்கை யார் பார்க்கப்போறாங்க" என்று சீனியர்கள் சொல்வதைக் கேட்டு முதல் இரண்டு செமஸ்டரைக் கோட்டை விட்டவர், மூன்றாம் ஆண்டில் விழித்துக்கொண்டு அதைச் சரிக்கட்டுவது கணக்குப்படி மிகவும் கடினம்.

மூன்றாவதுதான் மிகவும் கவலைக்குரியது. முதல் ஆண்டு முடித்துவிட்டு வெளியேறினாலும் சான்றிதழ் கிடைக்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். உண்மைதான். ஆனால் வரையறையை முழுதாகப் படித்தால், 40 கிரெடிட்டுடன் கோடை விடுமுறையில் 4 கிரெடிட் தொழிற்பாடம் ஒன்றையும் முடித்திருக்க வேண்டும். வீட்டில் பணக் கஷ்டம், அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஏப்ரல் மாதம் ஊருக்குத் திரும்பும் பிள்ளைக்கு அந்த 4 கிரெடிட்டைப் பற்றி யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் ஒரு வருடப் படிப்புக்குக் கையில் சான்றிதழ் இல்லை. திரும்பி வருவதற்கும் கெடு உண்டு: மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் சேர வேண்டும், மொத்தம் ஏழு ஆண்டுகளுக்குள் பட்டத்தை முடிக்க வேண்டும்.

அட்வைசர் என்பவர் யார்?

பெயர் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஐஐடி-களில் ஃபேகல்டி அட்வைசர். கலைக் கல்லூரிகளில் மென்டர், ட்யூட்டர், கிளாஸ் இன்சார்ஜ். பெயர் எதுவானாலும் உங்கள் பாடப் பதிவுக்கு ஒப்புதல் தருபவர் பெரும்பாலும் அவர்தான்.

தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழக விதிகள் இந்தப் பொறுப்பைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கின்றன. துறைத் தலைவர் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான மாணவர்களை ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் படிப்பு முடியும் வரை அந்த மாணவர்களுக்குப் பாடப் பதிவிலும் அரியர் பதிவிலும் ஆலோசனை சொல்ல வேண்டும், வருகையைக் கண்காணிக்க வேண்டும், அவ்வப்போது பேச வேண்டும். ஆகவே அவரிடம் போய்க் கேட்பது சலுகை கேட்பது அல்ல. "சாரை டிஸ்டர்ப் பண்ண வேணாம்" என்று தயங்கும் முதல் தலைமுறை மாணவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

தரவுகளோடு வேலை செய்பவள் என்பதால் ஓர் உறுத்தல். கல்லூரிகளைத் தரம் பிரிக்கும் நாக் அமைப்பின் கையேடுகளில் மென்டருக்கு எத்தனை மாணவர் என்ற விகிதம் கேட்கப்பட்டது. விகிதம் கேட்டால் விகிதம் கிடைக்கும். ஆசிரியர் பட்டியலை மாணவர் பட்டியலோடு வகுத்தால் அழகான எண் வந்துவிடும். அந்த இருவரும் செமஸ்டரில் ஒரு முறையாவது உட்கார்ந்து பேசினார்களா என்பது அந்த எண்ணில் தெரியாது. மென்டர் நோட்டில் கையெழுத்து இருக்கும், அதுவும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தைய வாரம் ஒரே பேனாவில்.

ஆசிரியர்கள் மீது மட்டும் பழி போடுவதும் நியாயமில்லை. வகுப்பு, விடைத்தாள், அட்மிஷன் டியூட்டி, கூடவே ஆண்டுக்கு ஆண்டு மாறும் விதிகள். விதி அவருக்கே முழுதாகத் தெரியாமல் இருக்கலாம். அதனால்தான் வெறுங்கையோடு போகக் கூடாது.

போகும்போது எதை எடுத்துப் போவது?

முதலில் ரெகுலேஷன்ஸ். சிலபஸ் வேறு, ரெகுலேஷன்ஸ் வேறு. எந்த ஆண்டு சேர்ந்தீர்களோ அந்த ஆண்டுக்கான விதிதான் உங்களுக்குப் பொருந்தும்; சீனியருக்குப் பொருந்தியது பொருந்தாமல் போகலாம். பல்கலைக்கழக இணையதளத்தில் பி.டி.எஃப். ஆக இருக்கும். அதிலிருந்து கூடைகளை ஓர் எக்செல் ஷீட்டில் போடுங்கள்: தேவையான கிரெடிட், முடித்தது, இந்த செமஸ்டரில் எடுப்பது, மிச்சம். இந்த ஒரு பக்கத்தை நீட்டினால் பத்து நிமிடத்தில் வேலை முடியும். "சார், என்ன எடுக்கலாம்?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "இந்தப் பாடம் எந்தக் கூடையில் கணக்காகும்? அடுத்த செமஸ்டர் இதற்குத் தொடர்ச்சி உண்டா? இதில் ஃபெயில் ஆனால் திரும்ப எப்போது எழுதலாம்?" என்று கேட்டுப் பாருங்கள்.

பேசி முடித்த அன்றே ஒரு சின்ன மெயில். "சார், இன்று நீங்கள் சொன்னபடி இந்தப் பாடத்தை மைனர் கணக்கில் பதிவு செய்கிறேன். என் புரிதலில் தவறு இருந்தால் தெரிவியுங்கள்." அவர் பதில் போடாவிட்டாலும் தேதியோடு ஒரு பதிவு இருக்கும்.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. நான் இளநிலை படித்தபோது என் வகுப்புத் தோழி ஒருத்தி வேறு துறையில் ஒரு பேப்பர் எடுத்தாள். "அதுவும் எலெக்டிவ்தானேம்மா, கணக்குல வந்துரும்" என்று ஆபீஸில் சொன்னார்கள். வரவில்லை. கடைசி செமஸ்டர் முடிந்து வேலைக்கான ஆஃபர் லெட்டர் கையில் இருந்தபோது, 3 கிரெடிட் குறைகிறது என்று புரொவிஷனல் சான்றிதழ் நின்றுபோனது. யார் சொன்னது என்று கேட்டார்கள். அவளால் பெயர் சொல்ல முடிந்தது, எழுத்தில் எதையும் காட்ட முடியவில்லை.

தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். இங்கே மாநிலப் பல்கலைக்கழகங்களில் மூன்று ஆண்டுப் பட்டமே தொடர்கிறது. பார்ட் 4, பார்ட் 5 என்று வரும் சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி, என்.எஸ்.எஸ். போன்றவற்றை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்தக் கிரெடிட்டுகள் இல்லாமல் பட்டம் வராது.

ஆன்லைன் பாடங்களும் ஏபிசி கணக்கும்

யுஜிசி-யின் 2021 விதிப்படி, ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40% வரை ஸ்வயம் தளத்தில் படிக்கலாம். எந்தப் பாடங்களை ஏற்பது என்று கல்லூரியோ பல்கலைக்கழகமோ முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். என்.பி.டி.இ.எல். தேர்வில் தங்கச் சான்றிதழே வாங்கினாலும், முன் ஒப்புதல் இல்லை என்றால் அது ரெஸ்யூமேவுக்குத்தான் ஆகும், மார்க்‌ஷீட்டுக்கு ஆகாது. பதிவு செய்யும் முன்பே அட்வைசரின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

கிரெடிட்டுகளைச் சேமிக்கும் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ், அதாவது ஏபிசி, 2021-ல் வந்தது. டிஜிலாக்கர் வழியாக 12 இலக்க அடையாள எண் பெறலாம். இதில் மாணவரே கிரெடிட்டைப் பதிவேற்ற முடியாது. கல்வி நிறுவனம்தான் ஏற்ற வேண்டும். செமஸ்டர் முடிந்ததும் உள்ளே போய் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் தலைவலி இனிஷியல். ப்ளஸ் டூ மார்க்‌ஷீட்டில் முன்னால் ஓர் எழுத்து, ஆதாரில் பின்னால் அப்பாவின் முழுப் பெயர் என்று இருந்தால் பெயர் பொருந்தாமல் சிக்கல் வரும். வெளிமாநிலத்தில் சேருபவர்கள் சேரும் முன்பே இதைச் சரிசெய்துகொள்வது நல்லது.

தவறு நடந்துவிட்டால்?

முதலில் அட்வைசர், பிறகு துறைத் தலைவர், பிறகு முதல்வர் அல்லது டீன். இந்த வரிசையைத் தாண்டிப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு படியிலும் மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அங்கே தீரவில்லை என்றால், யுஜிசி-யின் 2023 மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள் இருக்கின்றன. இந்த விதிமுறைக்கு உட்பட்ட ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். குழுவில் ஒரு பெண்ணும், பட்டியல் சாதி, பழங்குடி அல்லது ஓ.பி.சி. பிரிவைச் சேர்ந்த ஒருவரும் கட்டாயம். புகாரை ஆன்லைனில் கொடுக்கலாம். குழு 15 வேலை நாள்களில் பரிந்துரையை அளித்துவிட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. திருப்தி இல்லை என்றால் 15 நாள்களுக்குள் பல்கலைக்கழகத்தின் ஆம்பட்ஸ்பர்சனிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாள்களில் தீர்க்க முயல வேண்டும். மேல்முறையீட்டுக்கான 15 நாள் கெடுவைத் தவறவிட்டால்தான் சிரமம். தேர்வு நேரத்தில் அது ஓடியதே தெரியாது. அந்தத் தேதியைத் தம்பியின் காலண்டரில் மட்டுமல்ல, உங்கள் காலண்டரிலும் போட்டு வையுங்கள்.