மலையைப் படிக்கும் கண்கள்

புசல்லாவைச் சரிவுகளை நோக்கும் நமக்கு அவை ஒரே பச்சைப் போர்வையாகத் தோன்றுகின்றன. அருகே சென்றாலும் நம் கண்ணுக்கு எல்லாம் இலைகளே. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கோ அங்கே பல பச்சைகள் உண்டு. தளிரின் வெளிர்பச்சை வேறு. முற்றிய இலையின் கரும்பச்சை வேறு. ஒரே செடியை இருவர் இருவகையாகக் காண்பது எதனால்?

விழித்திரையில் நிறமறியும் கூம்பணுக்கள் மூவகை. அவை அனுப்பும் செய்திகளை ஒப்பிட்டு நிறத்தை உணர்த்துவது மூளை. காலைப் பனிமூட்டத்தில் இலையிலிருந்து வரும் ஒளி வேறு, உச்சிவெயிலில் வருவது வேறு. ஆயினும் இலை பச்சையாகவே தோன்றுவது மூளை செய்யும் திருத்தத்தினாலேயே. ஒருவகைக் கூம்பணு பழுதுபட்டால் சிவப்பும் பச்சையும் மயங்கும். ஆங்கில விஞ்ஞானி ஜோன் டால்ட்டன் தமக்கே இத்தகைய குறை இருப்பதை 1794இல் எடுத்துரைத்தார். ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேருக்கு இது உண்டு. பெண்களிடையே மிக அரிது.

இம்மலைகளின் பொருளாதாரமே நிறங்களைப் பிரித்தறியும் கண்களின்மேல் எழுந்ததாகும். முதலில் இங்கே விளைந்தது கோப்பி. தமிழகத்திலிருந்து வந்த உழைப்பாளர் பச்சை இலைகளிடையே சிவந்த பழத்தை இனங்கண்டு பறித்தனர். 1841இல் மொரிஸ் டி வேர்ம்ஸ் புசல்லாவையின் ரொத்சைல்ட் தோட்டத்திலே சீனத் தேயிலையை நட்டார். அன்று அது வெறும் சோதனையே. 1869இல் இலங்கையில் தோன்றிய நோயொன்று, கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடியாய்ப் படிந்து, ஏறத்தாழ 20 ஆண்டுகளில் அப்பயிரையே வீழ்த்தியது. அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. சிவப்பைத் தேடிய கண்கள் பச்சைக்குள் பச்சையைப் பிரிக்கக் கற்றன.

கற்றன என்பதே இங்கு கருதத்தக்கது. கூம்பணுக்கள் பிறப்பிலே வருபவை. ஆனால் எது கொழுந்து, எது விடத்தக்கது என்று கணப்பொழுதில் தெளியும் ஆற்றல், ஆண்டுக்கணக்கான உழைப்பிலே மூளை ஈட்டிக்கொள்வது. தோட்ட உடைமையாளரோ அதனைப் பயிற்சி வேண்டாத கைவேலையென்றே கணக்கிட்டனர். 1984 வரை இலங்கைத் தோட்டங்களில் பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலியினும் குறைவாகவே இருந்தது.

கோப்பையிலுள்ள தேநீரின் நிறத்தையும் சுவையையும் ஆய்ந்து தரம் கூறும் கொழும்பு வல்லுநரின் ஆற்றலை நாம் திறமை என்கிறோம். அதற்குரிய ஊதியமும் அளிக்கப்படுகிறது. அந்தத் தேநீர் தளிராய் நின்றபோதே அதன் நிறத்தைப் படித்தறிந்த கண்ணை மட்டும் நாம் வேறு பெயரால் அழைப்பது என்ன நியாயம்?