சிமுலா: மாதிரியும் நிரலும் ஒன்றாகப் பிறந்த வரலாறு

சிமுலா என்பது 1960களில் நார்வே நாட்டின் ஒஸ்லோ நகரில், நார்வே கணிப்பு மையத்தில் உருவாக்கப்பட்ட கணினி நிரல் மொழியாகும். கிறிஸ்டன் நிகார்ட், ஓலே-யோகான் டால் ஆகிய இருவரும் இதனை உருவாக்கினர். ஓர் அமைப்பை விளக்கும் மாதிரியும், கணினியை இயக்கும் நிரலும் ஒன்றாகவே இருக்க முடியும் என்று இம்மொழி காட்டியது.

பின்னணி

நிகார்ட் 1948 முதல் நார்வே பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றினார். அணு உலை தொடர்பான கணக்கீடுகளிலும், பின்னர் செயற்பாட்டு ஆய்வுகளிலும் ஈடுபட்டார். இத்தகைய ஆய்வில் ஒரு தொழிற்சாலையோ துறைமுகமோ எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் விவரிக்க வேண்டும். பிறகு அதே விவரத்தைக் கணினிக் கட்டளைகளாக மாற்றி எழுத வேண்டும். ஒரே செய்தியை இருமுறை எழுதுவதால் உழைப்பு கூடும், பிழையும் நுழையும்.

1960இல் கணிப்பு மையத்துக்கு வந்த நிகார்ட், விவரிப்பதற்கும் இயக்குவதற்கும் ஒரே மொழி வேண்டும் எனக் கருதினார். அல்கால் 60 மொழியை அடிப்படையாகக் கொண்டு டாலுடன் இணைந்து அவர் உருவாக்கிய முதல் சிமுலா, 1965இன் தொடக்கத்தில் யூனிவாக் 1107 கணினியில் முழுமையாக இயங்கியது.

சிமுலா 67

அடுத்து வந்த சிமுலா 67 மொழியில்தான் இனக்குழு, மரபுரிமம் ஆகிய கருத்துகள் இடம்பெற்றன. சுங்கச்சாவடி உள்ள ஒரு பாலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே பேருந்தும் லாரியும் வரிசையில் நிற்கின்றன. இரண்டும் வாகனங்களே, எனவே பொதுப் பண்புகளை 'வாகனம்' என்ற இனக்குழுவில் ஒருமுறை எழுதினால் போதும். பயணிகளின் எண்ணிக்கையைப் பேருந்திலும், சரக்கின் எடையை லாரியிலும் தனியே சேர்க்கலாம். பாலத்தை அறிந்தவர் நினைப்பது போலவே நிரலும் அமைந்துவிடுகிறது.

ஆலன் கே உருவாக்கிய ஸ்மால்டாக், பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரூப் 1979இல் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்த சி++ ஆகிய மொழிகள் சிமுலாவிலிருந்து கருத்துகளைப் பெற்றன.

பிரிவும் மீண்டும் இணைப்பும்

காலப்போக்கில் மென்பொருள் பெரிதானது. மாதிரியை வரைபடமாக ஒருவர் வரைய, நிரலை மற்றொருவர் எழுதும் வழக்கம் பரவியது. பலவகை வரைபட முறைகளை ஒன்றாக்க கிரேடி பூச், ஜேம்ஸ் ரம்பா, ஈவார் யாக்கப்சன் ஆகியோர் முன்னின்று வடிவமைத்த யுஎம்எல் என்னும் ஒருங்கிணைந்த மாதிரியாக்க மொழி, 1997இல் தரநிலையாக ஏற்கப்பட்டது. ஆயினும் ஒரு குறை நீடித்தது. நிரல் திருத்தப்படும்போது வரைபடமும் திருத்தப்படாவிட்டால், சில மாதங்களில் இரண்டும் வெவ்வேறு கதை சொல்லும். மாதிரியிலிருந்தே நிரலை உருவாக்கும் கருவிகள் இக்குறையைப் போக்க முயன்றன. நிகார்டும் டென்மார்க், நார்வே அறிஞர்களும் 1970களில் தொடங்கிய பீட்டா மொழியோ, இரண்டையும் பிரிக்காமலே வைத்திருந்தது.

மாதிரியும் மனிதரும்

சிமுலா, தொழிலகங்களில் வேலையைத் திட்டமிடவும் பயன்பட்டது. இயங்கும் மாதிரியில் அதை எழுதியவரின் பார்வையே பதிகிறது. எந்திரத்தின் அருகில் நிற்கும் தொழிலாளியின் அனுபவம் விடுபட்டுப் போகலாம். இந்தக் கவலை நிகார்டைத் தொழிற்சங்கங்களிடம் அழைத்துச் சென்றது. 1970களில் நார்வே இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் இணைந்து, புதிய கணினி அமைப்புகள் பற்றித் தொழிலாளர்களே ஆராய்ந்து கருத்துச் சொல்ல வழிசெய்தார். 1975இல் தொழிற்சங்கக் கூட்டமைப்புக்கும் முதலாளிகள் கூட்டமைப்புக்கும் இடையே கணினிப் பயன்பாடு குறித்த தேசிய ஒப்பந்தம் ஏற்பட்டது.

டாலுக்கும் நிகார்டுக்கும் 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது வழங்கப்பட்டது. 2002 சூனில் டாலும், ஆகத்தில் நிகார்டும் மறைந்தனர். இன்று மாணவர்கள் நிரலின் முதல் வரியில் எழுதும் 'கிளாஸ்' என்ற சொல், உலகில் உள்ள ஒன்றை அப்படியே விவரிக்க வேண்டும் என்ற இவர்களின் தேவையிலிருந்து வந்ததாகும்.