பட்டியல் இல்லாத பழஞ்செல்வம்

ஏடுகள் அழியும் வழி இரண்டு. கறையானும் நீரும் நெருப்பும் அழிப்பது ஒன்று. எங்கே என்ன இருக்கிறதென்று எவருக்கும் தெரியாமற் போவதால் அழிவது மற்றொன்று. முன்னதற்கு இரங்குவோர் பலர். பின்னதை அழிவென்று உணர்வோர் மிகச் சிலரே.

நாம் வாழும் இந்நகரிலேயே இதற்குச் சான்று உண்டு. அமீர்பேட்டில் மெட்ரோ ரயில் ஏறினால் வண்டி மாறாமலே தார்நாகாவில் இறங்கலாம். அங்குள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் ஷாஜஹான், ஔரங்கசீப் ஆகியோர் காலத்துப் பாரசீக ஆவணங்கள் ஒன்றரை இலட்சத்திற்கு மேல் உள்ளன. அவை அந்நாளில் ஔரங்காபாத் எனப்பட்ட நகரிலிருந்து 1916இல் இங்கே கொணரப் பெற்றவை. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த ஷாஜஹான் காலத் தொகுதியை யூசுப் ஹுசைன் கான் பதிப்பித்தது 1950இல். ஔரங்கசீப் காலத் தொகுதி வந்தது 1958இல். ஏடு வந்து சேர்வது ஒரு நாள் வேலை. அதைப் பிரித்து, படித்து, வரிசைப்படுத்துவதோ ஒரு தலைமுறையின் வேலை.

தமிழகத்து நிகழ்ச்சி ஒன்றையும் நோக்குவோம். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா அவர்கள் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். செல்வமோ பதவியோ துணையின்றி, பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது அத்தொகுப்பில் ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள் இருந்தன. நூல்களும் இதழ்களும் மட்டுமல்ல. நாடக அறிவிப்புகளும், சினிமா விளம்பரங்களும், திருமண அழைப்பிதழ்களுங்கூட அதில் இடம் பெற்றிருந்தன.

1994இல் அதனைச் சிக்காகோப் பல்கலைக் கழகம் விலைக்கு வாங்கியது. எனினும் கடல் கடந்து கொண்டு போகாமல், சென்னையிலேயே அவர் பெயரால் நூலகம் அமைத்தது. அட்டவணை எழுதுவதும் நுண்படம் எடுப்பதும் அங்கே பல்லாண்டுப் பணியாயின. தனியொருவர் நினைவில் மட்டும் இருக்கும் வரிசை அவரோடு மறைந்துவிடும். தாளில் எழுதிய வரிசையே பிறர்க்குப் பயன்படும்.

இப்பணி நமக்கு எட்டாதது என அஞ்ச வேண்டுவதில்லை. 2005இல் அமெரிக்க ஆவணக் காப்பாளர்களாகிய மார்க் கிரீன், டென்னிஸ் மைஸ்னர் இருவரும் எழுதிய கட்டுரை ஒன்று உலகெங்கும் பேசப்பட்டது. ஒரு பெட்டியின் ஒவ்வொரு தாளையும் செப்பனிட்ட பின்பே அடுத்ததைத் தொடுவோம் என்றிருந்தால், மற்றப் பெட்டிகள் மூடியே கிடக்கும். ஆதலின் முதலில் எல்லாவற்றுக்கும் சுருக்கமான பட்டியல் எழுதிப் பயனுக்குத் திறந்துவிடுக. நுணுக்கம் பின்னர் வரட்டும் என்பது அவர்கள் கருத்து.

நம் சங்கத்து இரும்புப் பெட்டியை அண்மையில் திறந்தோம். கணக்கேடுகள், கடிதக் கட்டுகள், பழைய மலர்கள் ஆகியவற்றினிடையே ஆண்டு விழாப் புகைப்படம் ஒன்று கிடைத்தது. முன் வரிசையில் பதினொருவர் அமர்ந்திருந்தனர். நம்மில் மூத்தவரான அம்மையார் இருவரை அடையாளம் கண்டு பெயர் சொன்னார். ஏனைய ஒன்பதின்மர் யாரென்று கூற ஒருவரும் இல்லை. படம் பழுதுபடவில்லை, பெயர்களே போய்விட்டன.

எனவே செய்யத்தக்கது இது. கட்டுகளை இருந்த வரிசை கலையாமல் எடுத்து வைப்போம். ஈரம் பட்டவற்றையும் பூச்சி அரித்தவற்றையும் தனியே பிரிப்போம். ஒவ்வொரு பெட்டிக்கும் எண்ணிட்டு, யார் தந்தது, எந்த ஆண்டுகளைச் சார்ந்தது, என்னென்ன உள்ளன என ஒரு பக்கத்தில் எழுதுவோம். அப்பட்டியலை இரண்டு படிகளாக்கி இரு வேறு இல்லங்களில் வைப்போம். புகைப்படங்களின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயரையும் ஆண்டையும் குறிப்போம்.

விழா முடிந்து வரும் ஞாயிறு மாலை அப்பெட்டி மறுபடியும் திறக்கப்படும். இளைஞர் எழுத வருக. பெரியோர் பெயர் சொல்ல வருக. அவ்வொன்பதின்மருள் ஒருவரையேனும் அறிந்தவர் நம் காலனியில் இருக்கக் கூடும்.