அன்றும் இன்றும் – மாணவர் கண்ட எதிர்காலம்

"உங்க காலத்து மாணவர்களைப் பத்தி எழுதுங்க சார்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். 'அந்தக் காலம் போல வருமா' என்று நாலு பக்கம் எழுதுவது சுலபம். ஆனால் ஒவ்வொரு காலத்து மாணவனும் தன் எதிர்காலத்தை எப்படிப் பார்த்தான் என்று வரலாற்றைப் புரட்டினால் கதை வேறாக இருக்கிறது.

நான் 1968-இல் பி.யு.சி. சேர்ந்து 1972-இல் பி.எஸ்ஸி. முடித்தவன். எங்கள் செட்டுக்கு எதிர்காலம் என்றால் உத்தியோகம். என்ன உத்தியோகம் என்பது இரண்டாம்பட்சம். மாதச் சம்பளம், கடைசியில் பென்ஷன், அவ்வளவுதான். பகலில் கல்லூரி, மாலையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். டிகிரி வாங்கியதும் ஊரார் கேட்ட முதல் கேள்வி, "எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சுல பதிஞ்சாச்சா?" ஷார்ட்ஹேண்ட் தெரிந்தவன் பம்பாய்க்கு ரயிலேறினான்.

இதற்கிடையே 1969 ஜூலை 19-இல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. சிற்றூர்களில்கூடக் கிளைகள் திறந்தார்கள், ஆள் தேவைப்பட்டது. நானும் என் வகுப்புத் தோழர் பலரும் வங்கிக்குப் போனது அந்த வழியில்தான். கஷ்டப்பட்டுப் படித்தோம், உண்மை. ஆனால் எங்களைவிட நன்றாகப் படித்துவிட்டு, நாலைந்து வருஷம் முன்னால் பட்டம் வாங்கி, வேலைக்கு அலைந்த அண்ணன்மாரையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

1978-இல் பிளஸ் டூ வந்தது, பி.யு.சி. போயிற்று. 1984 முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் கிளம்பின. "பி.எஸ்ஸி.யா? பி.இ. கிடைக்கலையா?" என்று உறவினர் கேட்கும் காலம் வந்தது. 1991-இல் பொருளாதாரச் சீர்திருத்தம், 2000-இல் தரமணியில் டைடல் பார்க். படிக்கும்போதே கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை! 2008-இல் அமெரிக்க வங்கிகள் சரிந்தபோதுதான், அந்த வேலைக்கும் ஆட்டம் உண்டு என்று தெரிந்தது.

பெண்களின் கதை தனி. என் அக்காவிடம் எதிர்காலம் பற்றி யாரும் கேட்டதில்லை; ஜாதகம்தான் கேட்டார்கள். 1989-இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம், எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு 5,000 ரூபாய் கொடுத்தது. அதே திட்டம் 2022-இல் 'புதுமைப் பெண்' ஆகி, அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் என்றானது. கல்யாணத்துக்கு என்றிருந்த பணம் படிப்புக்குத் திரும்பியது. இது சின்ன மாற்றமா?

சமீபத்தில் இறுதியாண்டு மாணவர்கள் சிலரோடு பேசினேன். ஒரு தங்கை கேட்டாள்: "சார், நீங்க ஒரே வேலையில முப்பது வருஷத்துக்கு மேல இருந்தீங்க. நான் படிக்கிற கோடிங்கை ஏ.ஐ.யே செஞ்சிடும்ங்கிறாங்க. எதை நம்பிப் படிக்கிறது?" பக்கத்திலிருந்த தம்பி குரூப் 4 தேர்வுக்குத் தயாராகிறான். 2022-இல் அந்தத் தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் 22 லட்சம் பேர். எங்கள் காலத்து உத்தியோக ஆசை இன்னும் போகவில்லை, வரிசைதான் நீண்டுவிட்டது.

எங்களுக்கு இருந்தது ஒரே பாதை. நடந்தால் ஊர் வந்துவிடும் என்ற நம்பிக்கை இருந்தது. இவர்களுக்குப் பாதை ஆயிரம். எது ஊருக்குப் போகும் என்று சொல்லத்தான் ஆளில்லை. இவர்களைப் பொறுமையில்லாத தலைமுறை என்று சொல்வது நியாயமாகாது.

ஆகவே பழைய மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். "நாங்க உழைச்சோம், முன்னுக்கு வந்தோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எந்தக் கதவு எப்போது திறந்தது, பரீட்சைக் கட்டணத்துக்குப் பணம் கொடுத்தது யார், எத்தனை இன்டர்வியூவில் திருப்பி அனுப்பினார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

தம்பி தங்கைகளே, மதியச் சாப்பாட்டு வரிசையில் எங்களைப் பிடித்து, "முதல் வேலை எப்படிக் கிடைச்சுது?" என்று கேளுங்கள். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டோம். அதற்குள் உங்களுக்கு உதவுகிற ஒரு விலாசமாவது இருக்கும்.

வாழ்க நம் கல்லூரி!